2004 சில்வராடோவில் மூன்றாவது கியர் போச்சு: 1500 டாலருக்குள் கியர்பாக்ஸை என்ன செய்யலாம்?

கார்லண்ட்_காரன்

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் கார்லண்டில் இருக்கிறேன். வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8, டூ வீல் டிரைவ், மீட்டரில் 187 ஆயிரம் மைல். கியர்பாக்ஸ் 4எல்60-இ ஆட்டோமேட்டிக். வார இறுதியில் கேட்டரிங் சாமான் டிரெய்லர் இழுப்பேன், எடை 3000 பவுண்டு பக்கம் வரும்.

முதல் கியரும் இரண்டாவதும் சுத்தமாக இருக்கின்றன. மூன்றாவது விழ வேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் நாலாயிரம் ஆர்பிஎம் வரை அலறுகிறது, வண்டி நியூட்ரலில் விட்டது போல மிதக்கிறது. கொஞ்ச நாள் முன்பு வரை ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் மெதுவாகக் கவ்வும், இப்போது அதுவும் இல்லை. ரிவர்ஸ் சரியாக விழுகிறது. லீவரை 2-இல் வைத்து உள்தெரு வழியாகவே வீடு வந்து சேர்ந்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் காப்பி டிகாஷன் நிறம், தீய்ந்த வாடை.

ஒரு கடையில் முழு ரீபில்டுக்கு 3400 கேட்டார்கள். இன்னொரு இடத்தில் 2600, ஆனால் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) அதில் சேராதாம். ஓடுகிற நிலையில் இந்த வண்டியே ஐயாயிரத்துக்கு மேல் போகாது. என் கையில் 1500 இருக்கிறது, ரொம்ப இழுத்தால் 1700. பிரேக், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாம் நானே மாற்றியவன்தான், ஆனால் ஆட்டோ கியர்பாக்ஸைத் திறந்ததில்லை. ஸ்க்ராப் யார்டில் 550-க்கு ஒன்று கிடக்கிறது. அதை மாட்டுவதா, கிட் வாங்கி நானே பிரிப்பதா, வேறு வழி ஏதும் உண்டா?

பழைய_இரும்பு

தம்பி, ஹூஸ்டனில் டிரான்ஸ்மிஷன் கடையில் பல வருடம் பெஞ்சில் நின்றவன் சொல்கிறேன். கியர்பாக்ஸ் அடியில் இருக்கிற ஆயில் பேன் இறங்கும் வரை ஒரு பைசா செலவு பண்ணாதே.

நீ சொல்வதைப் பார்த்தால் 3-4 கிளட்ச்தான். இந்தப் பெட்டியில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஒரே கிளட்ச் கட்டு, இன்புட் டிரம்முக்குள் இருக்கும். அது தீய்ந்தால் மேல் கியர் இரண்டும் போகும், ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் நிற்கும். அதுவே ரிவர்ஸ், இரண்டாவது, நாலாவது மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் சன் ஷெல் (நடுப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிற ஓடு) உடைந்தது என்று பேன் கழற்றாமலே சொல்லிவிடலாம். உனக்கு ரிவர்ஸ் இருப்பதால் ஷெல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காசில்லாத சோதனை ஒன்று செய். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் பெரிய வட்ட கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சினைப் போட்டு டி-யில் தள்ளு. இந்தப் பெட்டியில் ஷிஃப்ட் சொலினாய்டு (கியர் மாற்றுகிற மின் வால்வு) இரண்டுக்கும் மின்சாரம் போகவில்லை என்றால் அது மூன்றாவது கியர். அதனால் நல்ல பெட்டியாக இருந்தால் வண்டி சோம்பலாக, பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மாதிரி கிளம்பும். உன் வண்டி முதல் கியர் போலத் துள்ளிக் கிளம்பினால், மூன்றாவதைப் போடு என்று சொல்லியும் 3-4 கவ்வவில்லை என்று அர்த்தம். ஃபார்வர்ட் கிளட்ச் மட்டும் பிடிக்கிறது, லோ ரோலர் தாங்குகிறது, அதனால்தான் முதல் கியராக ஓடுகிறது. கோளாறு வயரில் இல்லை, சொலினாய்டிலும் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். தெருமுனை வரை போதும், திரும்பி வந்து கனெக்டரை மாட்டிவிடு.

ஹைபிரிட்_பக்தன்

இருபது வருட வண்டிக்கு 1500 போடுவதா? அப்படியே ஆயிரத்தைந்நூறுக்குத் தள்ளிவிட்டு கையிலிருப்பதையும் சேர்த்து வேறு வாங்குங்கள்.

கார்லண்ட்_காரன்

@ஹைபிரிட்_பக்தன் மூவாயிரத்துக்கு இங்கே என்ன டிரக் கிடைக்கும் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், சார். இன்னொருத்தர் விட்டுத்தள்ளிய கியர்பாக்ஸோடுதான் வரும். என் வண்டியில் எஞ்சின், ஏசி, பாடி எல்லாம் நன்றாக இருக்கின்றன. எதைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். மாதத் தவணை கட்டுகிற எண்ணம் இல்லை.

ஸ்கார்பரோ_சிவம்

கார்லண்ட் தம்பி, நீங்கள் குடுத்து வைத்தவர். இஞ்சை டொரண்டோவில் இந்த வருட சில்வராடோ என்றால் முதலில் கீழே படுத்து உப்புத் தின்ற பிரேக் லைனையும் சட்டத்தையும் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸைப் பற்றிக் கதைப்போம். டெக்சஸ் வாகனத்தில் துரு இல்லை என்றால் அதைத் திருத்துவதில் நியாயம் இருக்கு.

யார்டில் கிடக்கிற பெட்டியைப் பற்றி ஒரு சொல். அந்த 550-ஐ ஆதாயம் என்று எண்ணாதையுங்கோ. அதுவும் உங்கட பெட்டியைப் போல பழசுதான், அதற்குள்ளும் அதே 3-4 தட்டுகள்தான் இருக்கு. எப்ப போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. 90 நாள் உத்தரவாதம் என்பார்கள், அது பெட்டிக்குத்தான். கழற்றி மாட்டுகிற கூலியும் ஆயிலும் உங்கட காசு. அப்படியும் வாங்குவதென்றால் பொருந்துமோ என்று பாருங்கோ. 4.3 வி6 வாகனத்தில் இருந்து கழற்றினதென்றால் எஞ்சினோடு பொருந்துகிற பெல் ஹவுசிங் வேற. ஃபோர் வீல் டிரைவ் பெட்டிக்கு வால் பக்கம் வேற. உங்கட எஞ்சினுக்கு 300 மில்லிமீட்டர் கன்வர்ட்டரும் அதற்கேற்ற நீள இன்புட் ஷாஃப்ட்டும் வேணும், பழைய வகைகளில் 298 வரும். பிந்தின மாடல்களில் பம்பிலேயே ஒரு வேக சென்சார் இருக்கும், உங்கட வயரிங்கில் அதற்கு இடமில்லை. "4எல்60-இ எல்லாம் ஒன்றுதான்" என்று யார்டுக்காரன் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கோ.

பத்து_எம்எம்_காணோம்

ப்ரோ நீங்களே பிரியுங்கள், பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வீடியோ ஆயிரம் இருக்கிறது. 3-4க்கு ரேபெஸ்டாஸ் இசட்-பேக், கெவ்லர் பேண்ட், கார்வெட் சர்வோ, ஹெவி டியூட்டி ஷெல், டிரான்ஸ்கோ ஷிஃப்ட் கிட், அப்புறம் ஒரு ஹை ஸ்டால் கன்வர்ட்டர். ஐந்நூறு குதிரைச் சக்தி தாங்கும்.

பழைய_இரும்பு

அவர் இழுப்பது சாம்பார் அண்டா. அதற்கு எதற்கு ஐந்நூறு குதிரை? டிரெய்லர் இழுக்கிற வண்டியில் அதிக ஆர்பிஎம் வரை வழுக்குகிற ஹை ஸ்டால் கன்வர்ட்டர் போட்டால் சூடு ஏறும், இந்தப் பெட்டிக்குச் சூடுதான் எமன். பட்டியலில் கார்வெட் சர்வோவை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விலை கம்மி, இரண்டாவது கியர் பேண்டை (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கிற பட்டை) இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஷெல்லும் கட்டினது வாங்கலாம், பெட்டி திறந்திருக்கும்போது அறுபது எழுபது டாலருக்குப் பார்த்தால் தப்பில்லை. மீதிப் பணத்தை எங்கே போட வேண்டும் என்று பேன் இறங்கியதும் பேசலாம்.

கார்லண்ட்_காரன்

கனெக்டரைப் பிடுங்கி ஓட்டினேன். துள்ளிக்கொண்டுதான் கிளம்பியது, அண்ணா சொன்ன மாதிரியே.

பேனும் இறக்கிவிட்டேன். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை, விரலில் தேய்த்தால் மாவாக இருக்கிறது. அது போக பேன் அடியில் கறுப்பாகத் துகள், கொஞ்சம் தடித்த செதிலும் இருக்கின்றன, நகத்தால் கீறினால் உதிர்கிறது. பித்தளை நிறத்தில் எதுவும் இல்லை. அலுமினியம் போலப் பளபளப்பாக மிகச் சன்னமாகக் கொஞ்சம் தெரிகிறது, வெயிலில் சாய்த்தால்தான் கண்ணில் படுகிறது. இரும்புத் துண்டு இல்லை. ஃபில்டரைப் பிளந்து பார்த்தேன், உள்ளேயும் அதே கறுப்பு.

பழைய_இரும்பு

காந்தத்தில் சாம்பல் பசை எந்தப் பெட்டியிலும் இருக்கும், அதை விடு. கறுப்புச் செதில் கிளட்ச் தட்டின் முகம், உரிந்து வந்திருக்கிறது. பித்தளை இல்லாததால் புஷ் எல்லாம் ஓரளவு பரவாயில்லை. இரும்புத் துண்டு இல்லை, அதனால் பிளானட்டரி பல்சக்கரங்கள் தப்பித்திருக்கும். அந்தச் சன்ன அலுமினியம் பம்பிலிருந்தோ வால்வ் பாடியிலிருந்தோ வருவது, இந்த வயதில் எதிர்பார்ப்பதுதான்.

இப்போது கேள்வி, 3-4 ஏன் தீய்ந்தது? தட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்பாய். நான் பெஞ்சில் பார்த்த காரணங்கள் சில. கேஸுக்குள் மூன்றாவது அக்யுமுலேட்டர் (கியர் அதிராமல் விழ வைக்கிற பிஸ்டன்) வழியில் ஒரு சின்ன செக் பால் கேப்ஸ்யூல் அடித்து இறக்கியிருப்பார்கள். அதில் குண்டு தேய்ந்து கசிந்தால் 3-4க்குப் போக வேண்டிய அழுத்தம் அங்கேயே ஒழுகிவிடும். கிளட்ச் பாதி அழுத்தத்தில் வழுக்கி வழுக்கித் தீயும். அந்தத் துளையில் சால்வென்ட் ஊற்றி நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும், மாற்றுகிற விலை சில டாலர்தான். அதைப் பார்க்காமலே மூடுகிற ஆட்கள் நிறைய. அடுத்தது இன்புட் ஷாஃப்ட்டின் டெஃப்ளான் வளையங்களும் டிரம் பிஸ்டன் சீலும். அடுத்தது பம்ப். அப்புறம் வால்வ் பாடியில் கன்வர்ட்டர் லாக்-அப் (கன்வர்ட்டரை வழுக்காமல் எஞ்சினோடு பூட்டுவது) வால்வு ஓடுகிற துளை தேய்வது. அதற்குத்தான் பி1870 என்ற கோளாறுக் குறியீடு (ஃபால்ட் கோடு) பழைய வண்டிகளில் வரும், உன் பக்கத்து வருடங்களில் பி0894. உனக்கு ஏதாவது கோடு வந்திருக்கிறதா?

கார்லண்ட்_காரன்

பி0894 வந்திருக்கிறது. ஒரு வருடமாகவே விட்டுவிட்டு வரும், அழித்தால் போய்விடும், வண்டி ஓடுகிறதே என்று இருந்தேன்.

ஸ்கார்பரோ_சிவம்

அப்ப லாக்-அப் சரியாகப் பிடிக்காமல் கன்வர்ட்டர் ஒரு வருடமாக உள்ளுக்குள் சூடாகிக்கொண்டு இருந்திருக்கு. பழைய கன்வர்ட்டரைத் திருப்பிப் போடக்கூடாது, விளங்குதோ? அதற்குள் தேங்கின கறுப்பு ஆயிலைக் கழுவி எடுக்க வழியில்லை. புதுப் பெட்டிக்குள் அந்தக் குப்பையைக் கொட்டினது போல ஆகும். 2600 கேட்ட கடைக்காரர் கன்வர்ட்டரை ஏன் சேர்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

கார்லண்ட்_காரன்

சரி, அப்போ நானே பிரித்தால் என்ன செலவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டு, ஸ்டீல், பேண்ட், சீல் எல்லாம் சேர்ந்த கிட் 350. ஷெல், சர்வோ, பம்ப் வேன் (உள்ளே சுற்றுகிற இதழ்) செட், வால்வ் பாடிக்கு ஸ்லீவ் கிட் எல்லாம் சேர்த்து 200 பக்கம். சொலினாய்டு செட் 150. ரீபில்ட் பண்ணின கன்வர்ட்டர் 190. வெளிக் கூலர் 60. ஆயில் 80. ஆயிரத்து முப்பது வருகிறது. அப்புறம் டிரான்ஸ்மிஷன் ஜாக். மனதுக்கு ஆசைதான், ஆனால் தைரியம் பாதிதான் இருக்கிறது.

பழைய_இரும்பு

கணக்கு சரி, கருவியை விட்டுவிட்டாய். டிரம்முக்குள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும். டெஃப்ளான் வளையத்தை விரித்து மாட்டிய பிறகு அதைத் திரும்ப அளவுக்குச் சுருக்க சைஸர் வேண்டும். அது இல்லாமல் தள்ளினால் வளையம் மடிந்து வெட்டுப்படும், நீ மூடிய பிறகுதான் தெரியும். எண்ட் பிளே (ஷாஃப்ட் முன்பின் அசைகிற அளவு) பார்க்க டயல் இண்டிகேட்டர் வேண்டும். பம்பின் இரண்டு பாதியையும் ஒரே மையத்தில் கொண்டுவந்து இறுக்க ஒரு பட்டை வேண்டும். தேய்ந்த வால்வு துளையை ஒழுங்காகச் செய்வதென்றால் ரீமர், அது தனி விலை. ஒரே ஒரு பெட்டிக்கு இவ்வளவும் வாங்குவது நஷ்டம்.

நீ இரண்டு வழியைத்தான் பார்க்கிறாய். நடுவில் ஒன்று இருக்கிறது. கழற்றுவதும் மாட்டுவதும் நீ. பெட்டியை மட்டும் கொண்டுபோய் கடையில் கொடு. சுயமாக நடக்கிற சின்னக் கடைகள் இதைச் செய்வார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கடைக்காரர் சொல்கிற 3400-இல் வண்டியைத் தூக்கி இறக்கி ஏற்றுகிற கூலியே கணிசம், அதோடு லிஃப்டை ஒரு முழு நாள் உன் வண்டி அடைத்துக்கொள்கிறது. பெட்டி மட்டும் பெஞ்சுக்கு வந்தால் அவருக்கும் தொந்தரவில்லை. நாலு கடைக்கு ஃபோன் போடு, "வெளியே கழற்றியே கொண்டுவருகிறேன், பெஞ்ச் வேலைக்கு மட்டும் எவ்வளவு" என்று கேள். கேட்கும்போதே இதையும் கேள்: ஸ்டீல் தட்டு புதுசா, பழசைத் துடைத்துப் போடுவீர்களா? செக் பால் கேப்ஸ்யூல் மாற்றுவீர்களா? லாக்-அப் வால்வு துளைக்கு என்ன செய்வீர்கள்? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் கொடு, ஐம்பது டாலர் கூட இருந்தாலும் சரி.

பத்து_எம்எம்_காணோம்

ரீமேன் (கம்பெனியில் புதுப்பித்து விற்கிற) பெட்டியை ஏன் யாரும் சொல்லவில்லை? மூன்று வருட வாரண்டி வருகிறதே.

ஸ்கார்பரோ_சிவம்

காசு இருந்தால் அது நல்ல வழிதான், அவர் கையில் இல்லை. 2400-உம் கோர் டெபாசிட்டும் (பழைய பெட்டியைத் திருப்பிக் குடுக்கும் வரை பிடித்து வைக்கிற காசு) என்றால் பட்ஜெட் அங்கேயே முடிந்தது. வாரண்டி பேப்பரையும் வாசியுங்கோ. கூலர் கழுவினதற்கு ரசீது கேட்பார்கள், நீங்களே வீட்டில் மாட்டினால் கூலி தரமாட்டம் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

கார்லண்ட்_காரன்

ஃபோன் போட்டேன். இரண்டு பேர் "வண்டியோடு வந்தால்தான்" என்றார்கள். ஒருவர் விலை சொன்னார், கேப்ஸ்யூல் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். கார்லண்டுக்கு வெளியே ஒரு வயதான மெக்சிகன் ஐயா, மகனோடு சின்ன ஷெட் வைத்திருக்கிறார். நான் கேட்டு முடிக்கும் முன்பே அவர் கேப்ஸ்யூல் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கன்வர்ட்டரோடு சேர்த்து 1250, ஒரு வருட வாரண்டி, பழைய கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கழற்றுவதில் கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு

பேட்டரி கழற்று. நாலு ஸ்டாண்டும் சமதளத்தில், சரிவான டிரைவ்வேயில் வேண்டவே வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் பின் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் அடையாளம் போடு. ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அந்த வழியாக ஃபிளெக்ஸ் பிளேட்டை (எஞ்சின் பின்முனையில் இருக்கிற வட்டத் தகடு) சுற்றிச் சுற்றி கன்வர்ட்டர் போல்ட் மூன்றையும் எடுக்கலாம். கூலர் லைனைக் கழற்றும்போது சின்ன வளையக் கிளிப் பறந்துபோகும், கையால் மூடிக்கொண்டு எடு. பெல் ஹவுசிங் மேல் போல்ட் இரண்டும்தான் உயிரை வாங்கும். கிராஸ் மெம்பரை எடுத்துவிட்டு வால் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்து, அப்புறம் இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷனைக் கோர்த்துப் பின்னாலிருந்து பிடித்தால் வரும். பெட்டி எழுபது கிலோ பக்கம் வரும், கன்வர்ட்டர் தனி. டிரான்ஸ்மிஷன் ஜாக் வாடகைக்கு எடு, சங்கிலி போட்டுக் கட்டு. சாதா ஜாக் மேல் மரக்கட்டை வைத்து இறக்குகிற வீடியோவைப் பார்த்து ஆசைப்படாதே.

பெட்டி வெளியே இருக்கும்போது கூலர் லைனைக் கழுவு. ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலரில் அந்தக் கறுப்புத் துகள் தேங்கியிருக்கும், போன வழிக்கு எதிர்த்திசையில் கழுவினால்தான் வெளியே வரும். உன் ரேடியேட்டர் பழசு என்றால் ரேடியேட்டரையே மாற்றுவது நல்லது. வெளிக் கூலரைக் கட்டாயம் போடு, மீதிப் பணத்தை எங்கே போட வேண்டும் என்று அப்புறம் பேசலாம் என்றேனே, அது இதில்தான்.

கார்லண்ட்_காரன்

பெட்டி கடைக்குப் போய் திரும்பியும் வந்துவிட்டது. ஐயா பிரித்ததும் கூப்பிட்டுக் காட்டினார். 3-4 தட்டில் பாதிக்கு முகமே இல்லை, வெறும் இரும்பு. இடையில் இருந்த ஸ்டீல் தட்டுகள் நீலம் பாரித்துப் புள்ளி புள்ளியாகச் சூடு பட்டிருந்தன. கேப்ஸ்யூல் துளையில் அவர் சால்வென்ட் ஊற்றினார், நின்று பேசுவதற்குள் உள்ளே இறங்கிவிட்டது. பம்ப் ரோட்டர் பரவாயில்லை, வேன் மட்டும் மாற்றினார். சன் ஷெல் கழுத்தில் முடி போல ஒரு விரிசல் இருந்தது, நகத்தில் தட்டுப்பட்டது. அதற்கு எண்பது கூடக் கேட்டார், மறுபேச்சு பேசவில்லை.

இன்று மாட்டுகிறேன். கன்வர்ட்டரைப் பற்றி ஏதோ எச்சரிக்கை உண்டு என்று கேள்விப்பட்டேன்.

பழைய_இரும்பு

இதுதான் முக்கியம், நல்ல நேரத்தில் கேட்டாய். கன்வர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றிவிட்டு, தள்ளிக்கொண்டே சுற்று. "டக்" என்று படிப்படியாக இறங்கும், கடைசியில் பம்பின் பல்லில் உட்காரும். பாதியில் நின்றிருந்தால் தெரியாமல் பெட்டியை எஞ்சினோடு சேர்த்து போல்ட் போட்டு இழுத்துவிடுவாய், பம்ப் உடைந்துபோகும். வண்டியை ஸ்டார்ட் பண்ணுமுன்பே ரீபில்ட் முடிந்த கதைதான். பெல் ஹவுசிங் கையாலேயே எஞ்சினோடு போய் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் எட்டில் ஒரு அங்குலம் போல இடைவெளி இருக்க வேண்டும், கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் உட்காரவில்லை, திரும்ப இறக்கு. போல்ட் போட்டு இழுத்து உட்கார வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

ஆயில் டெக்ஸ்ரான் 6. முதலில் ஐந்து ஆறு குவார்ட், ஸ்டார்ட் பண்ணியதும் இன்னும் ஊற்று, மொத்தம் பதினொன்று பக்கம் குடிக்கும். எஞ்சின் ஓடும்போது, சூடான பிறகு, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பார்.

கார்லண்ட்_காரன்

ஓடுகிறது! மூன்றாவது விழுவது காதில் கேட்கவே இல்லை, ஆர்பிஎம் முள் இறங்குவதை வைத்துத்தான் தெரிகிறது. நாலாவதும் லாக்-அப்பும் பிடிக்கின்றன. கோடு எதுவும் இல்லை.

செலவு: பெஞ்ச் வேலையும் கன்வர்ட்டரும் 1250, ஷெல் 80, கூலர் 65, ஆயில் 85, ஜாக் வாடகையும் கூலர் கழுவுகிற கேனும் சேர்ந்து 90. மொத்தம் 1570. ரேடியேட்டர் மாற்றவில்லை, நன்றாகக் கழுவிவிட்டேன், வெளிக் கூலரை அதற்குப் பின்னால் தொடராக மாட்டியிருக்கிறேன். டிரெய்லர் எப்போது கட்டலாம்?

பழைய_இரும்பு

500 மைல் வெறும் வண்டியாக ஓட்டு, அப்புறம் பேன் இறக்கி ஃபில்டர் மாற்று. ஃபில்டரின் பழைய சீல் பம்பு துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதன் மேல் புதுசைத் தள்ளிவிடாமல் முதலில் நோண்டி எடு. பேனில் கறுப்பு இல்லை என்றால் டிரெய்லர் கட்டு. கட்டினால் டோ/ஹால் பட்டனைப் போட்டுவிடு. மேட்டில் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறிப் போனால் லீவரை 3-இல் இழுத்து வை, எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும்.

பத்து_எம்எம்_காணோம்

என் 2002 டாஹோவிலும் இரண்டாவது கியரும் ரிவர்ஸும் ஒரே நாளில் போய்விட்டன. முதலும் மூன்றாவதும் இருக்கின்றன. அந்த ஐயா கடை எங்கே என்று தனிச் செய்தியில் சொல்ல முடியுமா?

கார்லண்ட்_காரன்

அனுப்பிவிட்டேன். பெட்டியைக் கழற்றியே கொண்டுபோங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார்.

பழைய_இரும்பு

@பத்து_எம்எம்_காணோம் ஷெல். இனி ஓட்டாதே, உடைந்த பல் மற்றதையும் தின்னும். உன் டாஹோ ஃபோர் வீல் டிரைவா? அப்படியென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முதலில் இறக்க வேண்டும், டார்ஷன் பார் கிராஸ் மெம்பரும் வழியில் நிற்கும். கழற்றுகிற வேலை இவரைவிட உனக்கு இரண்டு பங்கு, ஒரு ஆளைக் கூட வைத்துக்கொள்.